வாடை போனால் வாயு போனதா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



நம் செயலாளர் போன மாதம் என்னிடம் வந்து, "சார், நாலு வீட்டுல போர் தண்ணி முட்டை நாத்தம் அடிக்குதுன்னு கம்ப்ளெயின்ட். செப்டிக் டேங்க் பக்கமும் அதே நாத்தம்தான். நீங்க தண்ணி லேப்ல வேலை பார்த்தவர்தானே, கூட்டத்துல ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம் இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கப் போகிறேன்.

முதலில், போன மழைக்காலத்தில் நம் வளாகத்திலேயே நடந்த ஒன்று. பலருக்கு இது தெரியாது. தொட்டி நிரம்பி வழிந்தது. கழிவுநீர் லாரிக்குச் சொல்லியிருந்தோம். சாலையில் தண்ணீர் நின்றதால் லாரி வரவில்லை. அடைப்பு எடுக்க வந்த தம்பி மூடியைத் திறந்தார். முதலில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றோம். அவர் மட்டும் குனிந்தபடி கொஞ்ச நேரம் கழியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "இப்ப வாடையே இல்ல சார், எல்லாம் போயிடுச்சு. இறங்கி ரெண்டு வாளி எடுத்துட்டா சரியாயிடும்" என்றார்.

சுற்றி நின்ற எங்களில் ஒருவரும் உடனே "வேண்டாம்" என்று சொல்லவில்லை. நானும்தான். வேலை முடிந்தால் சரி என்ற எண்ணம். அவர் வேட்டியை மடித்துக் கட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் தள்ளி நின்றோம், எங்களுக்கு நாற்றம் அடித்துக்கொண்டே இருந்தது. தொட்டிக்கு மேலேயே குனிந்திருந்தவருக்கு மட்டும் எப்படி வாடை போயிருக்கும்? கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். அவருக்குத் தலைவலி, கண் எரிச்சல். நல்லவேளை, அதோடு போயிற்று. இன்றைக்கு நான் பேச வந்ததற்கு அந்தத் தம்பிதான் காரணம்.

வாடைக்குக் காரணமானவர் யார்?

அழுகிய முட்டை வாடைக்குப் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. ஒரு பங்கு கந்தகமும் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. காற்று புகாத இடத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள், மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்காதபோது தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட்டைப் பயன்படுத்திக்கொண்டு இந்த வாயுவை வெளியே விடுகின்றன. சல்பேட் எங்கும் உண்டு. நிலத்தடி நீரில், சோப்புத்தூளில், நம் உணவின் புரதத்தில் என்று கந்தகம் இல்லாத இடமே இல்லை.

இதன் உறவினர்களும் நமக்குப் பழக்கம்தான். வெங்காயம், பூண்டு, பெருங்காயம் எல்லாவற்றின் வாசத்துக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை தற்காலிகமாக நம் திருமழிசைக்கு வந்தது நினைவிருக்கும். மழை பெய்த மறுநாள் சேற்றில் கிடந்த முட்டைக்கோஸும் வெங்காயமும் என்ன வாடை அடித்தன! அதுவும் இதே குடும்பம்தான்.

"பெருங்காய டப்பா" என்று நாம் சொல்வதுண்டு. உள்ளே சரக்கு தீர்ந்த பிறகும் வாசம் வீசும். இந்த ஹைட்ரஜன் சல்பைடு அதற்கு நேர் எதிர். சரக்கு நிறைய இருக்கும்போதுதான் வாசம் காட்டாமல் போகும்.

எப்படி என்று எண்ணிக்கையில் சொல்கிறேன். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் அதை 1 பிபிஎம் என்கிறோம். நல்ல மூக்கு உள்ளவருக்கு 1 பிபிஎம்மில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே வாடை தெரியும். ஆனால் 100 பிபிஎம் அளவுக்குப் போனால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடும். வாடை நின்றுவிட்டது போலத் தோன்றும். வாயு அங்கேயேதான் இருக்கும். 500 பிபிஎம்முக்கு மேல் சில நிமிடங்களில் தள்ளாடி விழுவார்கள். 700, 1,000 என்று போனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். இந்த வாயு காற்றைவிடக் கொஞ்சம் கனம். எனவே குழிக்குள் தங்கும்.

ஆகவே இன்றைய பேச்சின் சாரம் இதுதான்: வாடையைப் போக்குவது வேறு, வாயுவைப் போக்குவது வேறு. பினாயில் ஊற்றினால் வாடை மறையும். ஊதுவத்தி ஏற்றினால் மறையும். மூக்கு மரத்துப்போனாலும் மறையும். இந்த மூன்றிலும் கந்தகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் பிடித்து, திரும்ப வாயுவாக மாற முடியாத வேறொரு பொருளாக மாற்றினால்தான் போக்கியதாக அர்த்தம்.

போர் தண்ணீரில் வாடை வந்தால்

பணம் செலவழிக்கும் முன் வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, அந்த அறையை விட்டு வெளியே எடுத்துப்போய் முகர்ந்து பாருங்கள். டம்ளரில் வாடை இல்லை என்றால் தண்ணீர்மேல் தப்பில்லை. வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். சாக்கடை வாயு அந்த வழியாக ஏறி வரும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் பூட்டிவைத்த வீட்டில் இது சகஜம். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

வெந்நீரில் மட்டும் வாடை என்றால் கீசரைப் பாருங்கள். உள்டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க மெக்னீசியம் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். சல்பேட் உள்ள தண்ணீரில் பாக்டீரியாவும் சேர்ந்தால் அந்தக் கம்பியைச் சுற்றி வாடை உண்டாகும். மெக்கானிக்கிடம் சொல்லி டேங்கைக் கழுவி, கம்பியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

காலையில் முதல் இரண்டு நிமிடம் மட்டும் வாடை வந்து பிறகு நின்றால், குழாயில் இரவெல்லாம் தேங்கிய தண்ணீர்தான் காரணம். சம்ப்பும் மேல்தொட்டியும் கழுவி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். எந்நேரமும் வாடை என்றால்தான் போர்வெல்லில் கோளாறு. அப்போது தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. அதன்படி சல்பைடு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சோதனைக் கூடத்தில் சல்பைடும் பார்க்க வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள். அதற்குத் தனி பாட்டிலில் மருந்து போட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். சாதாரண பாட்டிலில் கொண்டுபோனால் வழியிலேயே வாயு பறந்துவிடும். "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வரும்.

நீக்கும் வழிகள் மூன்று.

முதல் வழி காற்றாட விடுவது. போர் தண்ணீரைத் தொட்டிக்குள் நேராக விடாமல், ஓட்டை போட்ட குழாய் வழியே மழைபோல் விழச் செய்தால் வாயு வெளியேறும். தொட்டிக்கு வலை போட்ட காற்றுவழி இருக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரின் பிஹெச் 7 என்றால் சல்பைடில் ஏறத்தாழ பாதிதான் வாயு வடிவில் இருக்கும். பிஹெச் 8 என்றால் பத்தில் ஒரு பங்குதான். மீதி அயனியாகக் கரைந்து கிடக்கும், காற்றுக்கு வராது. சுண்ணாம்பு போட்டதும் வாடை குறைவது இதனால்தான். கந்தகம் போகவில்லை, ஒளிந்துகொள்கிறது. பிஹெச் இறங்கினால் மறுபடி வரும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நாறுகிற சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ கழிப்பறை ஆசிடைக் குடம் குடமாக ஊற்றாதீர்கள். ஒளிந்திருக்கும் சல்பைடு முழுவதையும் ஆசிட் ஒரே மூச்சில் வாயுவாக்கிவிடும். அந்த ஆசிடோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதுவும் விஷமே.

இரண்டாவது வழி குளோரின். ஒரு மில்லிகிராம் சல்பைடைக் கந்தகமாக்க சுமார் 2.1 மில்லிகிராம் குளோரின் வேண்டும். சல்பேட் வரை கொண்டுபோக 8.3 மில்லிகிராம் வேண்டும். கணக்குக்கு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் சல்பைடு உள்ள தண்ணீர் 1,000 லிட்டர் என்றால் குறைந்தது 2.1 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடரில் குளோரின் 30 சதவீதம் என்று வைத்தால் 7 கிராம் பவுடர். சல்பேட் வரை போக 28 கிராம். குறைவாகப் போட்டால் தண்ணீர் பால்போல் வெளுக்கும். பயப்பட வேண்டாம், அது நுண்ணிய கந்தகத் தூள். மணல் ஃபில்டரில் நின்றுவிடும். பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள்.

மூன்றாவது வழி ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர். வாடை குறைவாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் கார்பனுக்கும் கொள்ளளவு உண்டு. நிரம்பிய பிறகு அது வெறும் கரித்தொட்டிதான். மாற்றும் தேதியை ஃபில்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பலர் கேட்கிறார்கள், "வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே?" என்று. ஆர்ஓ சவ்வு உப்பைத் தடுக்கும். கரைந்த வாயு அதன் வழியே நழுவி வந்துவிடும். ஆர்ஓ மெஷினில் வாடை குறைகிறது என்றால் அதற்கு உள்ளே இருக்கும் கார்பனே காரணம்.

மணலியில் செய்வதும் நம் அடுப்படியில் இருப்பதும்

தண்ணீரில் சொன்ன இதே கொள்கையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மணலிக்குப் போக வேண்டும். 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை அங்கே இருக்கிறது. கச்சா எண்ணெயில் கந்தகம் கலந்தே வருகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 தரம் வந்தது. பெட்ரோல், டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு மேல் கூடாது. அதற்கு முந்தைய பிஎஸ்-4 தரத்தில் 50 பிபிஎம் வரை விட்டிருந்தார்கள்.

கந்தகத்தை எப்படி எடுக்கிறார்கள்? சூட்டிலும் அழுத்தத்திலும் எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்க்கிறார்கள். கந்தகம் எண்ணெயை விட்டு ஹைட்ரஜனோடு போய், நம் பழைய நண்பர் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அந்த வாயுவை அமீன் என்ற கரைசலில் கழுவிப் பிடிக்கிறார்கள். சூடாக்கினால் அமீன் வாயுவை ஒரே இடத்தில் கக்கிவிடும். கரைசலைத் திரும்பப் பயன்படுத்தலாம். கக்கிய வாயுவில் மூன்றில் ஒரு பங்கை எரித்து, அதை மீதி இரண்டு பங்கோடு வினைபுரியவிட்டால் மஞ்சள் கந்தகம் கிடைக்கும். 1883ல் கார்ல் ஃபிரெடெரிக் கிளவுஸ் காப்புரிமை எடுத்த முறையின் வழி வந்தது இது. கொல்லும் வாயுவாக இருந்தது கடைசியில் விற்பனைக்குரிய மஞ்சள் கட்டியாகிறது. போக்குவது என்றால் இதுதான்.

இதே வேலை நம் ஊர்ப் பக்கமும் நடக்கிறது. கோயம்பேடு, நெசப்பாக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் கசடிலிருந்து வரும் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட வாயுவை ஹைட்ரஜன் சல்பைடு நீக்காமல் எஞ்சினுக்கு விட்டால் அமிலம் உண்டாகி எஞ்சினை அரித்துவிடும். சிறிய சாண எரிவாயுக் கலங்களில் இரும்புத் துருவலை நிரப்பிய குழாய் வழியே வாயுவை விடுவார்கள். துரு கந்தகத்தைப் பிடித்து இரும்பு சல்பைடாகிக் கறுத்துப்போகும். பட்டறைகள் நிறைந்த நம் சிட்கோ பகுதியில் துருவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தீர்ந்துபோன துருவலை வெளியே கொட்டும்போது தண்ணீர் தெளித்துக் கொட்ட வேண்டும். காற்றுப் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

இப்போது ஒரு வேடிக்கை. சமையல் எரிவாயுவில் கலந்து வரும் இந்த நாற்றக் கந்தகங்களை எல்லாம் ஆலையில் சிரமப்பட்டு நீக்குகிறார்கள். நீக்கி முடித்த பிறகு, எத்தில் மெர்காப்டன் என்ற இன்னொரு நாற்றக் கந்தகத்தை அளந்து கலக்கிறார்கள்! எரிவாயுவுக்கு இயல்பாக வாசம் கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டுமே. மிகச் சிறிய அளவில் மூக்கு அருமையான காவலாளி என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடு. அளவு கூடினால் அதே காவலாளி தூங்கிவிடுவார் என்பதைத்தான் தொட்டி விஷயத்தில் மறந்துவிடுகிறோம்.

நம் தொட்டிக்கு வருவோம்

செப்டிக் டேங்க் வாடையை முழுவதும் ஒழிக்க முடியாது. அது வேலை செய்யும் விதமே அப்படி. செய்யக்கூடியவை சில. காற்றுக் குழாய், கட்டடத்தை ஒட்டி இருந்தால் மாடிக்கு மேல் 2 மீட்டராவது உயர வேண்டும். உச்சியில் கொசுவலை வேண்டும். சில இடங்களில் பால்கனி மட்டத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள், அதுதான் கம்ப்ளெயின்ட். அப்படியும் வாடை வந்தால் குழாயின் உச்சியில் கார்பன் வடிகட்டி பொருத்தலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, நிரம்பி வழியும் முன்பே கசடை எடுக்க வேண்டும். மழைக்கு முன் எடுப்பது உத்தமம். மூடிகளையும் பாருங்கள். இந்த வாயு கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் ஈரத்தோடு சேர்ந்து, பாக்டீரியாவின் வேலையால் கந்தக அமிலமாகி, சிமென்ட்டையும் கம்பியையும் அரிக்கும். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும் மூடி, குழந்தை ஏறி நின்றால் உடையும்.

இனி முக்கியமானது. தொட்டிக்குள் ஆள் இறங்குவது.

"மூடியைத் திறந்து இரண்டு மணி நேரம் விட்டுவிட்டோம்" என்பார்கள். கசடுக்குள் கரைந்திருக்கும் வாயு, காலை வைத்துக் கலக்கியதும்தான் கிளம்பும். "கற்பூரம் ஏற்றி உள்ளே விட்டோம், அணையவில்லை" என்பார்கள். விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று அர்த்தமில்லை. மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். "வாடையே இல்லை" என்பார்கள். அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். செய்தித்தாளில் பார்க்கிறோம், ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் குதிக்கிறார், அவருக்குப் பின் இன்னொருவர். பல வீடுகளில் அண்ணன் தம்பியாகவே போயிருக்கிறார்கள். யாராவது விழுந்தால் இறங்காதீர்கள். 101க்கும் 108க்கும் போன் செய்யுங்கள். மூச்சுக்கருவி மாட்டிய தீயணைப்பு வீரர்தான் இறங்க வேண்டும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை நேராகவோ மறைமுகமாகவோ இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "கான்ட்ராக்டர்தான் ஆள் அனுப்பினார்" என்று சொல்லி நாம் நழுவ முடியாது. 2014ல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. உறிஞ்சும் லாரியை 14420 என்ற எண்ணில் கேட்கலாம். அடியில் இறுகிய கசடைக் கலக்க நம் சென்னை ஐஐடியில் ஹோமோசெப் என்ற இயந்திரம் செய்திருக்கிறார்கள். 2022ல் அவற்றில் முதல் சிலவற்றைப் பெற்ற மகளிர் குழுக்களில், இப்படித் தொட்டிக்குள் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் வேண்டுகோள். மூன்று தீர்மானங்களை எழுத்தில் நிறைவேற்றுவோம். ஒன்று, நம் வளாகத்தில் எந்தக் காரணத்துக்கும் ஆள் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. லாரி வரும்வரை தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொண்டு காத்திருப்போம். இரண்டு, ஆண்டுதோறும் மழைக்கு முன் கசடு எடுக்க வேண்டுமா என்று பார்த்து, அதற்கான தொகையைப் பராமரிப்புக் கணக்கில் தனியாக ஒதுக்குவோம். மூன்று, போர் தண்ணீரை சல்பைடு உட்பட ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து ரிப்போர்ட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

லாரி ஒருநாள் தாமதமானால் நமக்குச் சங்கடம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் இருந்துவிடலாம். நமக்கு நாறுகிறது என்றால் நம் மூக்கு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தத் தம்பி போன வாரம்கூட வந்து நம் மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போனார். "அன்னிக்கு ஏன் சார் அப்படி இழுத்தீங்க?" என்று சிரித்தபடி கேட்டார். உட்கார வைத்து ஒரு காபி கொடுத்து, உங்களிடம் இப்போது சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன்.



(கூட்டத்தின் முடிவில் மூன்று தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின. – செயலாளர்)